தீவிலிருந்து வந்த இரண்டு வாக்குமூலங்கள்

நான் பிடித்த பெரிய கொலைகாரன் யார் என்று உங்களில் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். புதிதாக உடுப்புப் போட்டவர்களுக்கு அந்த ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது. நான் பிடித்தவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவரைப் பிடித்ததற்காக மேலிடத்தில் என்னைப் பாராட்டினார்கள். வீட்டில் நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் முந்தி, தாமிரபரணி கடலில் சேருகிற பக்கத்தில் ஒரு ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தேன். நான் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகன். அம்மாவுக்குச் சேரன்மகாதேவி. வயலுக்கு நடுவே தெளிந்து ஓடுகிற ஆற்றைத்தான் எனக்குத் தெரியும். அதே ஆறு புன்னக்காயல் பக்கம் போய்ச் சேறும் உப்புமாகப் பல கையாகப் பிரிந்து கிடப்பதை வேலைக்கு வந்தபிறகுதான் பார்த்தேன். அப்படிப் பிரிந்த கைகளுக்கு நடுவில் ஒரு தீவு. பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த வீடுகளில் இன்றைக்கும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள்.

ஓலை வீடுகள், ஒரு சின்ன வேதக்கோயில், சுற்றிலும் உப்புச் சேற்றில் வேர்விட்டு நிற்கும் கண்டல் காடு. சாமியார் அக்கரையிலிருந்து முடிந்த ஞாயிறுகளில் வருவார். குடிக்கிற தண்ணீரும் வள்ளத்தில்தான் வரவேண்டும். பெண் கொடுத்ததும் எடுத்ததும் தங்களுக்குள்ளேயே என்பதால், அந்தத் தீவில் ஒருவருக்கு ஒருவர் உறவில்லாதவர் கிடையாது. ஊர்த் தலைவரைப் பட்டங்கட்டியார் என்பார்கள். வழக்கு எதுவானாலும் அவரோடு முடிந்துவிடும். போலீஸ் உடுப்பு அந்த மணலில் இறங்கியது அதுதான் முதல் தடவை என்று கூட வந்த ஏட்டு சொன்னார்.

செத்தவன் பெயர் சந்தியாகு. முப்பது வயசு இருக்கும். வள்ளத்தில் சுக்கான் பிடிக்கிறவன். ஓடைக்குள் கண்டல் வேர்களுக்கிடையே கிடந்தான். மண்டை பின்பக்கம் உடைந்திருந்தது. பிரேத விசாரணை, மகஜர் எல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அதைத் தாண்டிப் போகிறேன்.

அவனைப் பற்றி முன்கூட்டியே எனக்குச் சொன்னவர் அக்கரைக் கிராம முன்சீப். போன வாடைக் காலத்தில் தீவிலிருந்து இரண்டு வள்ளங்கள் கடலுக்குப் போயிருந்தன. காற்று திடீரென்று கூடியது. முன்னால் வந்த வள்ளம் சந்தியாகுவினுடையது, அது கரைக்கு வந்துவிட்டது. பின்னால் வந்தது கவிழ்ந்து, அதிலிருந்த ஆறு பேரும் கடலோடு போய்விட்டார்கள். அந்த ஆறு பேரில் மிக்கேல் என்பவன் சந்தியாகுவின் மனைவி ரோசம்மாளுக்குக் கூடப்பிறந்த தம்பி.

"இவன் திரும்பிப் பாத்துட்டும் அவுகள விட்டுட்டு வந்துட்டான்னு ஊரு சொல்லுது ஐயா," என்றார் முன்சீப். "அன்னையிலயிருந்து தீவுல ஒருத்தரும் இவன்கிட்ட பேச்சு கிடையாது. தெருவுல வந்தா ஆளுக முகத்தத் திருப்பிக்கிடுவாவ. ஒரு குத்தமும் கேட்டுப் பஞ்சாயத்து வைக்கல. பேச்ச நிப்பாட்டிட்டாவ, அவ்வளவுதான்."

கொலைக்குக் காரணம் தேடி நான் அலையவில்லை. ஆறு வீடுகளில் அது இருந்தது.

ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். ஆண், பெண், கிழவர், வாலிபர், எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"அந்நேரம் நாங்க கோயில்ல செபமாலை சொல்லிக்கிட்டிருந்தோம் ஐயா."

சந்தியாகு செத்தது எந்நேரம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே அது தெரியாது. இப்படி ஒரு பதில் வந்தால் உடனே அதட்டத் தோன்றும். அதட்டாதீர்கள். அந்தப் பதிலை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஆள்தான், உங்களை அதட்டவைத்துச் சண்டைக்கு இழுப்பதும் அந்த ஆளுக்குச் சௌகரியம். நான் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ரோசம்மாளை மட்டும் தனியாகப் பார்க்க முடியவில்லை. அவளைச் சுற்றி எப்போதும் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் துக்கம் கேட்க வந்தவர்கள் என்றுதான் நினைத்தேன். ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒருத்தியும் அழவில்லை. ரோசம்மாளும் அழவில்லை. நான் கேட்ட எதற்கும் அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவள் பதில் சொன்னாள்.

மறுநாள் காலையில் பட்டங்கட்டியாரே என்னைத் தேடி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஜெபப்புத்தகம். கூட ஒரு மனுஷரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். பெயர் சூசை. நெஞ்செலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது. பேசுவதற்கு முன்பே இருமல் வந்து துணியை வாயில் வைத்தார், எடுத்தபோது துணி சிவந்திருந்தது. கவிழ்ந்த வள்ளத்தில் அவருடைய ஒரே மகனும் இருந்தான்.

"நான்தான் அடிச்சேன் ஐயா," என்றார் சூசை. "எம்மவன விட்டுட்டு வந்தான். அதான் அடிச்சேன். எழுதிக்கிடுங்க."

பட்டங்கட்டியார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "எங்க ஊருக்குப் பெரிய தலைக்குனிவு. என்ன செய்ய. பெத்த வயிறு," என்றார்.

"எதால அடிச்சீரு?"

"தண்டால." தண்டு என்று அவர்கள் சொல்வது வள்ளம் வலிக்கிற துடுப்பை.

கரையில் கட்டியிருந்த ஒரு வள்ளத்தில் தண்டு கிடந்தது. அதை எடுத்துக் காட்டும்படி சொன்னேன். சூசை பட்டங்கட்டியாரைப் பார்த்தார். பிறகு குனிந்து இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். முழங்கால் வரைதான் வந்தது. இருமிக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் போய் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"உமக்கு என்னத்துக்குவே இந்த வேலை?" என்று காதோடு கேட்டேன்.

"இன்னும் கொஞ்ச நாள்தான ஐயா. இங்கன கிடந்து சாவுததுக்கு, அங்கன சாவுதேன். யாருக்காவது ஆவட்டுமே," என்றார்.

அன்றைக்கே சர்க்கிள் இன்ஸ்பெக்டர் புன்னக்காயல் வரைக்கும் வந்து, ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். ஜில்லா போலீஸ் துரை சுற்றுக்கு வருவதற்குள் கேஸ் முடிந்திருக்கவேண்டும் என்று அவருக்கு நெருக்கடி.

"ஒத்துக்கிட்டு ஒருத்தன் வாரான். மாஜிஸ்திரேட்டு முன்னால கொண்டுபோயி நிறுத்தும். ஒமக்கு என்னவே கஷ்டம்?"

"அவரால தண்டைத் தூக்க முடியல ஐயா."

"கோவத்துல தூக்கியிருப்பான்."

"மூச்சு விடவே சத்து இல்லாத ஆளுய்யா."

அவர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "அப்ப நீரே பாத்துக்கிடும். முடியலன்னா ஒம்ம பேருக்குத்தான் கறுப்பு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

உங்களிடமும் இப்படி ஒருவர் வருவார். மேலதிகாரி, வக்கீல், பத்திரிகை எல்லாருமே அவரை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருப்பார்கள். யாருக்கும் நஷ்டமில்லாத மாதிரித் தெரியும். சாகப் போகிறவன் சாகிறான், ஊருக்கு அமைதி, உங்களுக்குப் பெயர். அந்த நேரத்தில் நான் நினைத்தது ஒன்றுதான். சந்தியாகு என்ற ஒருத்தன் இருந்தான். அவனிடம் பேசுவதைத்தான் ஊர் நிறுத்தியது. அவனைப் பற்றிக் கேட்பதையும் நான் நிறுத்திவிட்டால் அவன் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

சூசையை அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்று சொன்னேன். அதைப் பட்டங்கட்டியாரால் மறுக்க முடியவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளச் சொந்தத்தில் ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்றேன். யார் போவது என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கும்போதே ரோசம்மாள் எழுந்து நடந்து வந்து வள்ளத்தில் ஏறிவிட்டாள். சூசை அவளுக்குச் சித்தப்பா முறை. அவளை இறங்கச் சொல்ல அந்தப் பெண்கள் காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் வள்ளத்தைத் தள்ளச் சொன்னேன்.

தண்டு வலித்தது தீவுக்காரர்கள்தான். எனக்கு நேர் எதிரே இன்னாசி என்று ஒரு வாலிபன் இருந்தான். ஓடையைத் தாண்டி அகலமான தண்ணீருக்கு வந்ததும் ரோசம்மாள் பேச ஆரம்பித்தாள். வலிக்கிறவர்கள் இருக்கிறார்களே என்று நான் கையைக் காட்டினேன்.

"கேக்கட்டும் ஐயா," என்றாள். "எங்க வீட்டுக்காரவுகள வரச்சொல்லி எங்கிட்ட சொன்னது எங்கப்பா."

அவளுடைய அப்பா கயித்தான். வயசானவர். தீவில் பட்டங்கட்டியாருக்கு அடுத்தபடி மதிப்பு அவருக்குத்தான். மிக்கேல் அவருக்கு ஒரே ஆண்பிள்ளை.

"தம்பி போனதுக்குப் பொறவு அப்பா எங்க வீட்டு வாசலுக்கு வரல. அன்னைக்கு வந்தாவ. 'ஓடையில வலை சிக்கிக் கிடக்கு, ஒரு கை பிடிக்கணும், மாப்பிள்ளைய வரச்சொல்லு'ன்னாவ. மாப்பிள்ளைன்னு சொன்னாவ ஐயா. எனக்குக் காலு தரையில நிக்கல. அவுக முதல்ல தயங்குனாவ. நான்தான், போங்க, எங்கப்பாவே கூப்புடுதாவன்னு சொன்னேன். துவைச்ச சட்டையா எடுத்துக் குடுத்தேன்."

சூசை படுத்தபடியே கையை நீட்டி அவள் சேலையைப் பிடித்தார். "ஏட்டி, வாய மூடு. பெத்த தகப்பன்."

"கட்டுனவுக மட்டும் யாரு சித்தப்பா?" என்றாள்.

சூசை கையை எடுத்துக்கொண்டார். இன்னாசி வலிப்பதை நிறுத்திவிட்டிருந்தான் என்பதை வள்ளம் ஒரு பக்கமாகத் திரும்பியபோதுதான் கவனித்தேன். பின்னாலிருந்தவன் சத்தம் போட்டதும் மறுபடி தண்டைப் போட்டான்.

அக்கரையில் மற்றவர்கள் சூசையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு இன்னாசி மட்டும் வள்ளத்தைக் கட்டுகிற பாவனையில் நின்றான். கயிற்றைப் போட்டான், அவிழ்த்தான், மறுபடி போட்டான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஐயா, சந்தியாகு அண்ணன் வள்ளத்துல அன்னைக்கு நானும் இருந்தேன்."

"சொல்லு."

"அவரு திருப்பத்தான் செஞ்சாரு. அந்த வள்ளம் கவுந்தத முதல்ல பாத்ததே அவருதான். சுக்கானத் திருப்பிட்டாரு. வள்ளத்து முகங்கூட திரும்பிட்டு. பட்டங்கட்டியார் மவன் சிலுவை அவரப் பின்னாலயிருந்து கட்டிப் பிடிச்சான். நான் சுக்கானப் பிடுங்கினேன். இன்னொருத்தன், அவன் இப்ப கொழும்புல இருக்கான், அவரு காலு ரெண்டையும் பிடிச்சுக்கிட்டான். திருப்புனா நாமளும் போயிருவோம்னு எங்களுக்குத் தோணிச்சு."

"அதை ஏன் அவன் ஊரில் சொல்லவில்லை?"

"கரைக்கு வந்ததும் நாங்க மூணுபேரும் அவரு கால்ல விழுந்தோம். எனக்கு அப்பத்தான் பிள்ளை பொறந்திருந்துது. அவரு எங்கள எழுப்பி விட்டாரு. பொறவு, 'சுக்கான் என் பொறுப்பு. கேக்குதவங்க என்கிட்ட கேக்கட்டும்'னாரு."

அவன் அழவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இதைக் கோர்ட்டில் சொல்வாயா?"

"மாட்டேன் ஐயா. நீங்க அடிச்சாலும் மாட்டேன். ஆறு வீட்டுக்காரவுகளும் அங்கனதான இருக்காவ."

பட்டங்கட்டியார் எதற்காகச் சூசையைக் கூட்டி வந்தார் என்பது எனக்கு அப்போது முழுசாகப் புரிந்தது. கயித்தானைக் காப்பாற்றுவதற்கு மட்டுமல்ல. விசாரணை நீண்டால், அந்த வள்ளத்தில் என்ன நடந்தது என்று யாராவது கேட்பார்கள். மகன் சொல்லியிருக்கவேண்டும் அவருக்கு.

இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மகளைக் கூண்டுல ஏத்தினா கேஸ் நிக்கும்," என்றார். "இல்லன்னா இந்த வள்ளத்துக் கதைய அந்தப் பெரியவர்கிட்ட சொல்லும். ஆளு அங்கனயே விழுந்துருவாரு. தானா வந்து ஒத்துக்கிடுவாரு. பொண்ணு வாய தொறக்கவே வேண்டாம்."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று இவ்வளவும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

எனக்கு முன்னால் இருந்தது இரண்டு வழி. ஒன்று, ரோசம்மாள் நியாயஸ்தலத்தில் ஏறி நின்று, தன் வாயாலே தகப்பனைத் தூக்குக்கு அனுப்பவேண்டும். மற்றொன்று, மகனுக்காகப் பழி வாங்கினோம் என்ற ஒரே நினைப்பில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற கிழவரிடம் போய், உம் மகனைக் காப்பாற்றத் திரும்பின ஒரே ஆளைத்தான் நீர் கொன்றீர் என்று சொல்லவேண்டும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கும் என்று நான் அன்று முழுக்க அந்தக் கரையிலே நடந்து நடந்து யோசித்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குத் தோன்றினால் எனக்கு எழுதுங்கள்.

மறுநாள் தீவுக்குப் போனேன். ஏட்டையும் கான்ஸ்டபிள்களையும் கரையிலேயே நிறுத்திவிட்டுத் தனியாகக் கயித்தான் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனார், வேண்டாம் என்று நானும் எதிரே மணலில் உட்கார்ந்தேன்.

"மவ சொல்லிட்டாளா?" என்று அவரே கேட்டார்.

"சொல்லிட்டா."

"நல்லது. அவளுக்குச் சொல்லணும்னு தோணிருக்கு. அவ மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல." ஊசி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. "ஆனா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் ஐயா. கோர்ட்டுலயும் சொல்லமாட்டேன். செஞ்சது சரி."

நான் சொன்னேன். இன்னாசி சொன்னதை அவன் வார்த்தையிலேயே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். வள்ளத்து முகம் திரும்பியது என்று சொன்னபோது ஊசி நின்றது.

அவர் கைகள் வலையின்மேல் அப்படியே இருந்தன. பிறகு கேட்டார்.

"திரும்புனத எம்மவன் பாத்திருப்பானா ஐயா?"

எனக்குத் தெரியாது. இன்னாசிக்கும் தெரிந்திருக்காது. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு சிலர் கிடந்தார்கள் என்று மட்டும்தான் அவன் சொன்னான்.

"பார்த்திருப்பான்," என்றேன்.

"அப்ப நம்பியிருப்பான்," என்றார். "மச்சான் வாராருன்னு நம்பியிருப்பான்."

ஊசியை மணலில் குத்தி வைத்தார்.

"ஓடைக்கு வந்ததும் மாப்பிள்ள என்னய மாமான்னு கூப்புட்டான். வலை எங்கன மாமான்னு கேட்டுட்டுக் குனிஞ்சான். நான் ஒரு வார்த்த கேக்கல ஐயா. ஏம்ல விட்டுட்டு வந்தன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பான். இத்தன நாளா இந்த ஊருல அவன்கிட்ட ஒருத்தர் கேக்கல."

வலையை மடித்து ஓரமாக வைத்தார். வேட்டியில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டார். தண்டைப் புதைத்த இடத்தை அவரே கூட்டிப்போய்க் காட்டினார். கரைக்கு நடந்தபோது ஊர்க்கூட்டம் வழியை மறித்து நின்றது. ஆண்கள் கையில் தண்டும் கம்பும் இருந்தன. கரையில் நின்ற ஏட்டு துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் பட்டங்கட்டியாரும் சிலுவையும் நின்றார்கள். கயித்தான் நேரே சிலுவையிடம் போய் நின்று அவன் முகத்தைப் பார்த்தார். வள்ளத்தில் நடந்ததை இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"வழி விடுங்கப்பா," என்றார். அவ்வளவுதான். விலகினார்கள்.

வள்ளத்தில் ஏறிய பிறகு என்னிடம் சொன்னார்: "அந்தப் பயலுவ பேரு வெளிய வரவேண்டாம் ஐயா. தெரிஞ்சா இன்னொரு தகப்பன் தண்டைத் தூக்குவான். மாப்பிள்ள எதுக்கு வாய மூடிக்கிட்டு இருந்தானோ, அது எனக்கு இப்பத்தான் விளங்குது."

மாஜிஸ்திரேட்டு முன்னால் அவர் சொன்னது சிறிய வாக்குமூலம். மகன் செத்த துக்கத்தில் மருமகனை அடித்துக் கொன்றேன், என் மகளுக்கு ஒன்றும் தெரியாது, இதற்காக மனஸ்தாபப்படுகிறேன். அதற்குமேல் ஒரு வரி இல்லை. தண்டும் கிடைத்திருந்ததால் சர்க்கார் வக்கீல் ரோசம்மாளைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. கயித்தானுக்கு நியமித்த வக்கீல் இளைஞர். எப்படியாவது உயிரைக் காப்பாற்றிவிடலாம் என்று ஓடியோடிப் பார்த்தார். அன்றைக்குத் திடீர்க் கோபம் வந்ததா என்று ஜட்ஜ் கேட்டபோது கயித்தான், "இல்ல எசமான், நினைச்சுத்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்," என்றார். அதோடு போயிற்று. தூக்கு என்று தீர்ப்பானது. அப்பீல் காகிதத்தில் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். சூசை அதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

பாளையங்கோட்டை ஜெயிலில் ஒரே ஒரு தடவை ரோசம்மாளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். நான் தள்ளி நின்றேன். கயித்தான் கம்பிக்கு உள்ளேயிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் முதலில் அசையாமல் கேட்டாள். பிறகு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வந்தபிறகு ஒன்றுதான் சொன்னாள்.

"நானும் ஒரு நா எங்க வீட்டுக்காரவுககிட்ட கேட்டேன் ஐயா. ஏன் திரும்பலன்னு. 'காத்து கூடிப்போச்சு'ன்னாவ. அதுக்குப் பொறவு சோறு போட்டுட்டு மூஞ்சியப் பாக்காம எந்திரிச்சுப் போயிருவேன்."

தூக்குப் போட்ட பிறகு பிரேதத்தைச் சொந்தக்காரர்கள் கேட்டால், ஆர்ப்பாட்டம் இல்லாமல் அடக்கம் செய்வோம் என்று உறுதி சொன்னால், கொடுப்பார்கள். அவள் கேட்டாள். மாட்டு வண்டியில் வேப்பிலையும் உப்பும் போட்டு ஏரல் வழியாகப் புன்னக்காயலுக்குக் கொண்டுவந்தோம். எனக்கு அதில் வேலையில்லை, லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வழியில் அவள் எதுவும் சாப்பிடவில்லை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தும்போதெல்லாம் இறங்கி வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வள்ளம் தீவை நெருங்கும்போதே கோயில் மணி அடித்தது. ஊரே கரையில் நின்றது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சந்தியாகுவை எடுத்தபோது மணி அடிக்கவில்லை, யாரும் அழவில்லை. அவனைக் கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே கண்டல் ஓரத்தில் புதைத்திருந்தார்கள். கயித்தானுக்குக் கோயிலை ஒட்டினாற்போல் குழி வெட்டியிருந்தது. கறுப்புத் துணி போட்ட பாடையைத் தூக்க நான், நீ என்று வாலிபர்கள் முந்தினார்கள். முன்பக்கம் தோள் கொடுத்தது சிலுவையும் இன்னாசியும்.

ரோசம்மாள் கூட்டத்தோடு போகவில்லை. முதலில் கண்டல் ஓரத்துக்குப் போய்ப் புருஷனுடைய குழிமேட்டில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியார் ஜெபித்து முடித்து, மண் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு பட்டங்கட்டியார் அவளிடம் வந்தார். ஊர் ஜனம் பின்னாலேயே வந்தது. சிலுவையும் நின்றான்.

"நடந்தது நடந்துட்டு தாயி," என்றார். உண்மையிலேயே இரக்கமாகத்தான் சொன்னார். "ஒம்மேல இனி யாருக்கும் மனக்கசப்பு இல்ல. ஒங்கப்பன் வீடு இருக்கு. இங்கனயே இரு. ஊரு ஒன்னய விட்டுறாது."

ரோசம்மாள் எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"நான் இங்கன இருக்கலாமான்னு ஒங்க மவன்கிட்ட கேளுங்க, பட்டங்கட்டியாரே."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பக்கத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். பட்டங்கட்டியாரின் முகம் வெளுத்துப்போனது. சிலுவை தரையைப் பார்த்தான். இன்னாசி அதற்குமுன்பே கூட்டத்திலிருந்து நழுவிவிட்டான். அவள் பைய நடந்து கரைக்கு வந்து வள்ளத்தில் உட்கார்ந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

அந்த வழக்குக்காக எனக்குக் கிடைத்த நற்சான்றிதழை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், ஆபீசில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. குற்றவாளியைத் தவிர வேறு யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. நிரபராதி சூசை தூக்குக்குத் தப்பினார். புகாருக்கு இடமில்லை. சுக்கானைப் பிடுங்கியதற்கு எந்தச் செக்ஷனிலும் இடமில்லை. பிற்பாடு சிலுவை பட்டங்கட்டியானான். ஊரை நல்லபடியாகத்தான் நடத்துகிறான் என்று கேள்விப்பட்டேன். அதைப் பொய் என்று சொல்லவும் எனக்கு ஆதாரமில்லை.

சில வருஷங்கள் கழித்துத் தூத்துக்குடிக் கடைத்தெருவில் ரோசம்மாளைப் பார்த்தேன். ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் வேலை செய்துகொண்டிருந்தாள். தலையில் சுமை, முடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னை அடையாளம் கண்டு நின்றாள். சௌகரியமா என்று கேட்டேன், இருக்கேன் ஐயா என்றாள். அதோடு போயிருக்கலாம். ஆனால் வெகுநாளாக எனக்குள் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, அந்த வள்ளத்து விஷயத்தை உங்கப்பாகிட்ட நான் சொல்லாமல் இருந்திருக்கணுமா?"

அவள் தலைச்சுமையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"நீங்க சொல்லாம இருந்தா எங்கப்பா நிம்மதியாப் போயிருப்பாவ," என்றாள். "சொன்னதுனால, எங்க வீட்டுக்காரவுக நல்லவுகன்னு எங்கப்பா தெரிஞ்சுக்கிட்டாவ, நானும் தெரிஞ்சுக்கிட்டேன். இதுல எது வேணும்னு எங்கிட்ட கேட்டா, நான் எந்தப் பக்கம் சொல்லுவேன் ஐயா?"

குனிந்து சுமையைத் தலைக்கு ஏற்ற முயன்றாள், கனமாக இருந்தது. நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டேன். போய்விட்டாள்.